டொமைன் ரினியூவல்னு லெட்டர் வந்துச்சு, கட்டிட்டேன். கேஸ் போட்டா நிக்குமா?

கேள்வி, செப்டம்பர் 6, 2025, மாலை 5:12

எங்க சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். போன வாரம் தபால்ல ஒரு கடிதம் வந்துச்சு, எங்க டொமைன் பேரு (வெப்சைட் முகவரி), அது முடியற தேதி எல்லாம் கரெக்டா போட்டு, கீழ பணம் கட்டற சீட்டோட. வருஷா வருஷம் கட்டறதுதானேன்னு கார்டுல கட்டிட்டேன். இன்னிக்கு வெப்சைட் பாத்துக்கற தம்பி பாத்துட்டு நம்ம கம்பெனியே இது இல்லன்னு சொல்றார். பின்னாடி சின்ன எழுத்துல 'இது பில் அல்ல'ன்னு இருக்கு, அதனால கேஸ் நிக்காதுங்கறார். நிஜமா ஒண்ணும் பண்ண முடியாதா?

பதில், செப்டம்பர் 6, இரவு 9:40

பண்ணலாம். ஆனா கேஸ் அப்புறம், இன்னிக்கு ராத்திரியே செய்ய வேண்டியது வேற.

உங்க பழைய ரெஜிஸ்ட்ரார், அதாவது நீங்க டொமைன் வாங்கின கம்பெனி, அவங்க அக்கவுண்ட்ல நுழைஞ்சு டொமைன் ஸ்டேட்டஸ் பாருங்க. 'பெண்டிங் டிரான்ஸ்ஃபர்'னு இருந்தா டொமைன் கை மாறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பழைய ரெஜிஸ்ட்ரார் கிட்டேர்ந்து ஒரு மெயில் வந்திருக்கும், ஸ்பேம்லயும் தேடுங்க, அதுல வேண்டாம்னு சொல்ல 5 நாள்தான் டைம். ஒண்ணும் சொல்லலன்னா மாத்திடுவாங்க, இதுல மௌனம் சம்மதம்தான். டிரான்ஸ்ஃபர் இல்லன்னா டொமைன் வேற இடத்துக்குப் போகாம உடனே லாக் போடுங்க, ஆத் கோட் (டொமைனை வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்தக் கேக்கற ரகசியக் குறியீடு) யாருக்காவது குடுத்திருந்தா புதுசா மாத்துங்க. பேங்குக்கு போன் பண்ணி இந்தப் பேமென்ட்ல தகராறு இருக்குன்னு பதிவு பண்ணுங்க. கடிதம், கவர், கவர்ல இருக்கற முத்திரை எதையும் தூக்கிப் போடாதீங்க.

செப்டம்பர் 6, இரவு 11:25

தூக்கம் வரல, அதனால இதையும் எழுதிடறேன். 2016-ல எங்க அக்காவுக்கு இதேதான் நடந்துச்சு. மூணு பேர் வேலை பாக்கற சின்ன மொழிபெயர்ப்பு கம்பெனி. கடிதம் வந்துச்சு, அக்கவுண்ட்ஸ் பாக்கற பொண்ணு ரெண்டு வருஷத்துக்கு சேத்துக் கட்டிட்டா. அப்புறம் ஒரு மெயில், ரினியூவல் முடிக்க ஆத் கோட் வேணும்னு. அக்காவே பழைய பேனல்ல போய் கோட் எடுத்து அனுப்பி, உறுதி பண்ணச் சொன்ன லிங்க்கையும் அழுத்திட்டா. ரினியூவலுக்கு ஆத் கோட் தேவையே இல்ல, அது டிரான்ஸ்ஃபருக்கு மட்டும்தான், ஆனா அது தெரிஞ்சிருந்தா அவ ஏன் அனுப்பப் போறா.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு காலைல மெயில் எல்லாம் நின்னு போச்சு. டிஎன்எஸ், அதாவது டொமைன் பேரை வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் வழி காட்டற அமைப்பு, பழைய ரெஜிஸ்ட்ரார் கிட்டயே இருந்துச்சு, டொமைன் போனதும் அவங்க அதை நிறுத்திட்டாங்க, வெப்சைட்டும் போச்சு. மூணு நாள் ஆச்சு நான் சரி பண்ண. அந்த மூணு நாள்ல வேலை அனுப்பின ஒரு வாடிக்கையாளர் பதில் வரலன்னு வேற இடத்துக்குப் போயிட்டார், திரும்பி வரவே இல்ல. பழைய இடத்துக்கே மாத்தலாம்னா டிரான்ஸ்ஃபர் ஆன 60 நாளைக்குள்ள புது ரெஜிஸ்ட்ரார் மறுக்கலாம்னு விதி, அவங்களும் மறுத்துட்டாங்க. 60 நாள் எண்ணிக்கிட்டு உக்காந்து, திரும்ப ஒரு தடவை காசு கட்டி மாத்தினோம். கட்டின பணம் இன்னி வரைக்கும் வரல.

இதை ஏன் சொல்றேன்னா, அக்காவுக்கு முதல் வாரமே சந்தேகம் வந்துருச்சு. டேய், உன்கிட்ட சொன்னா திட்டுவேன்னு நெனச்சேன்டான்னு அப்புறமா சொன்னா. அந்த வெக்கத்துலதான் 5 நாள் போச்சு. நீங்க அதே வாரத்துல வந்து கேட்டீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம்.

செப்டம்பர் 7, காலை 7:05

நீங்க தட்டச்சு பண்ணிப் போட்ட கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். நேத்து நான் சொன்னதுல பாதி உங்களுக்குப் பொருந்தாது, அவசரப்பட்டு அக்கா கதையை உங்க மேல ஏத்திட்டேன்.

உங்க கடிதத்துல டொமைன் ரெஜிஸ்ட்ரேஷன்ங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. 'வருடாந்திர தேடுபொறிப் பதிவு'ன்னு இருக்கு. அதாவது டொமைனை மாத்தவும் போறதில்ல, புதுப்பிக்கவும் போறதில்ல. கூகுள்ல சேக்கறோம்னு சொல்லி ஒண்ணுக்கும் ஆகாத ஒரு சேவையை வித்திருக்காங்க, தலைப்புல உங்க டொமைன் பேரும் முடியற தேதியும் மட்டும் போட்டு.

அதனால டிரான்ஸ்ஃபர் பயம் வேண்டாம். ஆனா இதுல வேற ஒரு குழி இருக்கு: கட்டியாச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க, நிஜமான ரினியூவல் கட்டாமலே கெடக்கும். உங்க பழைய ரெஜிஸ்ட்ரார்ல இன்னிக்கே போய் கட்டிடுங்க. தப்பித் தவறி தேதி தாண்டினாலும் டாட் காம் மாதிரி டொமைன் உடனே போயிடாது. பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார் கொஞ்ச நாள் சாதாரண விலைக்கே விடுவாங்க, அழிச்சாலும் அப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன் காலம் உண்டு, அதுல மீட்கலாம், விலை மட்டும் கூடுதல். அதையும் தாண்டி 5 நாள் ஆச்சுன்னா யார் வேணாலும் எடுத்துக்கலாம்.

இன்னொண்ணு. டொமைன் பேருக்கெல்லாம் உலக அளவுல விதி போடற ஐகான் அமைப்போட விதிப்படி உங்க ரெஜிஸ்ட்ரார் முடியறதுக்கு சுமார் ஒரு மாசம் முன்னாடி ஒரு தடவை, ஒரு வாரம் முன்னாடி ஒரு தடவை, முடிஞ்ச பிறகு 5 நாளுக்குள்ள ஒரு தடவை கட்டாயம் உங்களுக்குத் தெரிவிக்கணும். 2013-லேர்ந்து இந்த விதி. நாலு மாசம், ஆறு மாசம் முன்னாடியே 'அவசரம்'னு காகிதத்துல வந்தா அங்கயே சந்தேகப்படலாம்.

செப்டம்பர் 8, இரவு 10:15

இப்ப கேஸ் விஷயம். 'இது பில் அல்ல'ன்னு போட்டுட்டா தப்பிச்சுடலாமாங்கறதுதான் உங்க கேள்வியோட உயிர், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

அந்த வரி அவங்களா நல்ல மனசுல போட்டது இல்ல. அமெரிக்கத் தபால் சட்டத்துல, பில் மாதிரி இருக்கற விளம்பரத்தை அனுப்பினா இது பில் இல்ல, நீங்க ஏத்துக்கிட்டா தவிர கட்ட வேண்டிய கடமை இல்லன்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி அச்சடிச்சே ஆகணும்னு இருக்கு. இல்லன்னா தபாலே போகாது. அதுக்காகப் போட்டு வெச்ச வரியைத்தான் இவங்க கேடயமா பிடிக்கறாங்க.

ஆனா ஏமாத்து விளம்பரச் சட்டம் அந்த ஒரு வரியை மட்டும் தனியா எடுத்துப் பாக்காது. மொத்தக் காகிதமும் சாதாரண ஆளு மனசுல என்ன நினைப்பை உண்டாக்குதுன்னுதான் பாக்கும். மேல பெரிய எழுத்துல காலாவதி அறிவிப்பு, நடுவுல தேதி, கீழ கிழிச்சு அனுப்பற சீட்டு, எல்லாமே 'கட்டு'ன்னு சொல்லும்போது மூலைல ஒரு வரி 'கட்ட வேண்டாம்'னு சொன்னா அது எடுபடாது.

நடந்த வழக்குகளைப் பாருங்க. டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கான்னு ஒரு கம்பெனி, பேருதான் அமெரிக்கா, இருந்தது கனடாவுல. டிரான்ஸ்ஃபரை ரினியூவல்னு காட்டி கடிதம் அனுப்பினாங்கன்னு அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் எஃப்டிசி, கோர்ட்டுக்குப் போச்சு, 2003 டிசம்பர்ல உத்தரவு வந்துச்சு, 50,000 பேர் வரைக்கும் நிவாரணம் குடுக்கணும்னு. அதே வருஷம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் மேலயும் இதே மாதிரி குற்றச்சாட்டு வந்து எஃப்டிசியோட உடன்பாட்டுல முடிஞ்சது, அதாவது ஊர் பேர் தெரியாத கம்பெனி மட்டும் இல்ல, அந்தத் துறைலயே ரொம்பப் பெரிய பேரு மேலயும் இந்தப் புகார் வந்திருக்கு. உங்க கடிதம் மாதிரியே தேடுபொறிப் பதிவுன்னு அனுப்பின டொரான்டோ கம்பெனி ஒண்ணு மேல 2010-ல 42 லட்சம் டாலருக்கு மேல தீர்ப்பு ஆச்சு.

அதனால உங்க தம்பி கிட்ட சொல்லுங்க, அந்த ஒரு வரியால கேஸ் விழுந்துடாது. ஆனா இந்த கேஸ் எல்லாம் போட்டது அரசு அமைப்பு. தனி ஆளு போட்டு ஜெயிச்சு பணத்தைக் கைல வாங்கறது ரொம்பக் கஷ்டம், அதையும் மறைக்காம சொல்லணும். சட்டத்துல தவறான தகவல் சொல்லி வாங்கின ஒப்பந்தத்தை ரத்து பண்ணலாம்னு பல நாட்டுல இருக்கு. ஆனா நோட்டீஸ் அனுப்பற விலாசம் ஒரு தபால் பெட்டி எண், கம்பெனி வேற நாடு, போன தொகை வக்கீல் முதல் தடவை பேசறதுக்கே பத்தாது. சிறு வழக்கு நீதிமன்றத்துல தீர்ப்பு வாங்கினாலும் அதை எல்லை தாண்டி யார் போய் வசூல் பண்றது?

செப்டம்பர் 9, மதியம் 1:30

ஒருத்தர் யூடிஆர்பி, அதாவது டொமைன் பேர் தகராறுக்கான புகார் முறை, அதுல போடலாமான்னு கேட்டிருக்கார். அது வேற. உங்க பிராண்டு பேரை இன்னொருத்தர் கெட்ட நோக்கத்துல பதிவு பண்ணி வெச்சுக்கிட்டா அதுக்குத்தான் யூடிஆர்பி. இங்க டொமைன் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு, போனது பணம்.

செப்டம்பர் 11, இரவு 8:50

மேல எழுதினது சரிதான், ஆனா டிரான்ஸ்ஃபர்ல மாட்டினவங்களுக்கு வேற ஒரு வழி இருக்கறதைச் சொல்லாம விட்டுட்டேன். டிரான்ஸ்ஃபர் தகராறுக்குன்னு ஐகானுக்குத் தனிக் கொள்கை இருக்கு. அதை டொமைன் வெச்சிருக்கறவங்க நேரா போட முடியாது, பழைய ரெஜிஸ்ட்ரார்தான் போடணும், நடந்து 12 மாசத்துக்குள்ள. அக்கா கேஸ்ல நான் பழைய ரெஜிஸ்ட்ராரைக் கேட்டேன், உங்க ஆளே கோட் குடுத்து லிங்க்கை அழுத்தியிருக்காங்களே, விதி எங்கயும் மீறலயேன்னு சொல்லிட்டாங்க. அப்ப எனக்கு வந்த கோவம் இருக்கே. இப்ப யோசிச்சா அவங்க சொன்னதுல தப்பு இல்ல. ஏமாத்தி வாங்கின சம்மதமும் அந்தக் கொள்கையோட கண்ணுக்கு சம்மதம்தான்.

ஐகான்ல புகார் குடுக்கறது பிரயோஜனமான்னு இன்னொரு கேள்வி. பணம் வாங்கித் தர மாட்டாங்க. அனுப்பினவன் அங்கீகாரம் வாங்கின ரெஜிஸ்ட்ராரா இருந்தாலோ, அவனுக்குக் கீழ இருக்கற ரீசெல்லரா இருந்தாலோதான் அவங்களால தொடவே முடியும். ஆனா தொட்டிருக்காங்க. 2014 ஜூலைல பிராண்டன் கிரேங்கற ரெஜிஸ்ட்ராரை 90 நாள் இடைநீக்கம் பண்ணாங்க, ரீசெல்லர் மூலமா நடந்த ஏமாத்து வேலைக்காக. ரெஜிஸ்ட்ரார் ஏமாத்தக் கூடாதுன்னு டொமைன் வாங்கறவங்களோட உரிமைப் பட்டியல்லயே இருக்கு, அதைச் சுட்டிக் காட்டித்தான் புகார் எழுதணும். உங்க கேஸ்ல அனுப்பினவன் ரெஜிஸ்ட்ராரே இல்ல, அதனால ஐகான் உங்களுக்கு உதவாது. உங்க நாட்டு நுகர்வோர் அமைப்பு, சைபர் குற்றப் பிரிவு, அப்புறம் கடிதம் எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சோ அந்த நாட்டு அமைப்பு, இந்த மூணு இடம்தான்.

செப்டம்பர் 14, காலை 11:20

'படிக்காம கட்டினது உங்க தப்பு, இதுக்கு எதுக்கு சட்டம்'னு ஒருத்தர் எழுதியிருக்கார். இதுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியல.

2016-ல நானும் இதையேதான் சொன்னேன். அந்த அக்கவுண்ட்ஸ் பொண்ணு முன்னாடி நின்னு, படிக்கத் தெரியாதான்னு கேட்டேன். அவ அழுதுட்டா. அந்தக் கடிதத்தை அப்புறம் எத்தனையோ தடவை எடுத்துப் பாத்திருக்கேன். பொறுப்பில்லாத ஆளை அது ஏமாத்தாது. பில் வந்தா மேஜைல போட்டு வெச்சு மறந்துடறவனுக்கு அதனால ஒரு நஷ்டமும் இல்ல. கெடு தாண்டக் கூடாது, அபராதம் வரக் கூடாது, முதலாளிக்குத் தொல்லை குடுக்கக் கூடாதுன்னு நெனைக்கற ஆளைத்தான் அது குறி வெக்குது. அவ அந்த மாசம் எல்லா பில்லையும் நேரத்துல கட்டினா, இதையும் கட்டினா.

நம்ம ரெஜிஸ்ட்ரார் பேரு இன்னதுன்னு நாங்க யாருமே அவகிட்ட சொன்னதில்ல. டொமைன் வாங்கினது நான், பாஸ்வேர்டு என்கிட்ட, வருஷா வருஷம் ரினியூ ஆனது என் மெயில் ஐடிக்கு வந்த அறிவிப்புல. அவளுக்கு வந்த ஒரே காகிதம் இந்தப் பொய்க் காகிதம். எது நிஜம்னு அவ எதோட ஒப்பிட்டுப் பாப்பா? ஒரு வருஷம் கழிச்சு போய் மன்னிப்பு கேட்டேன். பரவால்ல சார்னு சொன்னா. எனக்குப் பரவால்லன்னு ஆகல.

இங்க கேள்வி கேட்டவர் சங்கத்துப் பணத்தைக் கட்டியிருக்கார். அவர் நாளைக்கு கமிட்டி முன்னாடி எந்திரிச்சு நின்னு சொல்லணும். அதை நெனச்சுப் பாத்துட்டு எழுதுங்க.

செப்டம்பர் 14, மாலை 6:00

கமிட்டில என்ன சொல்றதுன்னு கேட்டிருந்தீங்க. நடந்ததை அப்படியே சொல்லுங்க, கடிதத்தை மேஜைல வெச்சுக் காட்டுங்க. பாக்கறவங்கள்ல பாதிப் பேர் அது பில்லுன்னுதான் சொல்வாங்க. அவங்க அப்படி நெனச்சாங்கங்கறதையே மினிட்ஸ்ல எழுதி வெச்சுக்கங்க, புகார்ல சேக்கலாம்.

செப்டம்பர் 17, இரவு 11:50

அவனுக்கு தேதியும் விலாசமும் எப்படித் தெரிஞ்சது, நம்ம ரெஜிஸ்ட்ரார் வித்துட்டானான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. அப்படி இருக்கணும்னு அவசியம் இல்ல. ஹூஇஸ்னு ஒரு பொதுப் பதிவேடு, முன்னாடி எல்லாம் டொமைன் வாங்கினவர் பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாமே அதுல திறந்து கெடந்துச்சு. அதை மொத்தமா சுரண்டி எடுத்துத்தான் இந்தக் கடிதத் தொழிலே வளந்துச்சு. 2018 மே மாசம் ஐரோப்பாவோட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஜிடிபிஆர் வந்த பிறகு பெரும்பாலும் தனி விவரத்தை மறைச்சுட்டாங்க. இந்த வருஷம் ஜனவரி 28-லேர்ந்து டாட் காம் மாதிரி பொது டொமைனுக்கு ஹூஇஸ் கட்டாயமும் போயி ஆர்டிஏபின்னு வேற முறை வந்தாச்சு.

ஆனா முடியற தேதி இன்னும் பொதுவாத்தான் இருக்கு. யார் வேணாலும் பாக்கலாம். விலாசம் உங்க வெப்சைட்லயே 'தொடர்பு கொள்ள' பக்கத்துல இருக்கும். ரெண்டையும் சேத்தா கடிதம் ரெடி. தேதி கரெக்டா இருந்துச்சேன்னு நம்பினேன்னு நீங்க எழுதியிருந்தீங்க, அக்காவும் அதேதான் சொன்னா. அந்தத் தேதி தெரிஞ்சிருக்கறது ஒரு அடையாளமே இல்ல.

செப்டம்பர் 20, காலை 9:10

பேங்குக்கு எழுதற கடிதம். இதுல ஒரு தப்பு நிறையப் பேர் பண்றாங்க, நாங்களும் பண்ணோம். 'இந்தப் பேமென்ட் நான் பண்ணல'ன்னு எழுதாதீங்க. நீங்கதான் பண்ணீங்க, அவங்க சீட்டைக் காட்டினா உங்க கோரிக்கை அங்கயே விழுந்துடும், எங்களுக்கு விழுந்துச்சு. 'ரினியூவல்னு நம்ப வெச்சு வாங்கினாங்க, சொன்னதும் குடுத்ததும் வேற'ன்னு எழுதுங்க, அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. கூட சேக்க வேண்டியது கடிதத்தோட நகல், உங்க நிஜ ரெஜிஸ்ட்ரார் பேரும் அவங்க விலையும் இருக்கற பக்கம், பணம் கட்டின பிறகும் முடியற தேதி மாறாம அப்படியே இருக்கறதைக் காட்டற பதிவேட்டுப் பக்கம். இந்த மூணாவதுதான் முக்கியம். நீங்க 7-ஆம் தேதி நிஜமா ரினியூ பண்ணிட்டதால இப்ப தேதி மாறியிருக்கும், அதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கா?

பெரும்பாலான கார்டுகள்ல பொதுவா 120 நாள் வரைக்கும் தகராறு எழுப்பலாம், ஆனா பேங்குக்கு பேங்கு மாறும், தள்ளிப் போடாதீங்க. அதே நாள்ல அந்தக் கம்பெனிக்கும் ஒரு வரி மெயில் போடுங்க: தவறான தகவலால வாங்கினது, ரத்து பண்றேன், பணத்தைத் திருப்புங்க, கார்டை இனி தொடாதீங்க. அடுத்த வருஷம் தானா எடுக்கற அனுமதி அந்தச் சீட்டுலயே ஒளிஞ்சிருக்கலாம், அதனால கார்டு நம்பரை மாத்தறதும் நல்லது.

செப்டம்பர் 20, காலை 9:35

உங்க தம்பி 6-ஆம் தேதியே படம் எடுத்து வெச்சிருக்கார்னு பாத்தேன். அவருக்கு என் வணக்கம் சொல்லுங்க.

அக்டோபர் 2, இரவு 10:30

சங்கம், கம்பெனிக்கெல்லாம் நுகர்வோர் சட்டம் செல்லாதேன்னு ஒரு வக்கீல் நண்பர் சுட்டிக் காட்டினார், நியாயமான திருத்தம். ஐரோப்பாவுல ஆர்டர் பண்ணாததை ஆர்டர் பண்ண மாதிரி பில் அனுப்பறது நேரா தடை பட்டியல்லயே இருக்கு, ஆனா அந்தப் பட்டியல் தனி நுகர்வோருக்கு. வியாபாரத்துக்கு 2006-ல வந்த வேற உத்தரவு. ஆஸ்திரேலியாவுல அந்தப் பாகுபாடு இல்ல, வியாபாரத்துல யாரு யாரை ஏமாத்தினாலும் ஒரே சட்டப் பிரிவு, நஷ்டம் அடைஞ்சவங்களே வழக்குப் போடலாம்.

அங்க நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கு. டொமைன் நேம் கார்ப், டொமைன் நேம் ஏஜென்சின்னு ரெண்டு கம்பெனி, ரினியூவல் மாதிரி சுமார் 3 லட்சம் நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க. கட்டினா கெடைக்கறது உங்க டொமைன் இல்ல, அதே பேர்ல வேற முடிவு இருக்கற ஒரு புது டொமைன், உங்களுது டாட் காம் டாட் ஏயூன்னா அவங்க தர்றது டாட் நெட் டாட் ஏயூ. இதோட மூணு வகை ஆச்சு பாருங்க, மாத்தறது, பதிவுன்னு விக்கறது, ஒட்டின மாதிரி புதுசு ஒண்ணைத் தள்ளி விடறது. 2018-ல ஃபெடரல் கோர்ட் ரெண்டுக்கும் சேத்து 19.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. கேஸ் போட்டது அங்க இருக்கற போட்டி, நுகர்வோர் ஆணையம் ஏசிசிசி.

இது மாதிரி கேஸ் எல்லாம் கெளம்பறதே புகார் சேந்துதான். எங்க அக்கா புகாரே குடுக்கல, தொகை சின்னது, எதுக்கு அலைச்சல்னு விட்டுட்டோம். எங்களை மாதிரி விட்டவங்க எத்தனை பேரோ. பணம் திரும்ப வந்தாலும் வராட்டியும் நீங்க குடுங்க. நானும் அந்தப் பழைய கடிதத்தை வெச்சு, தாமதமானாலும் பரவால்லன்னு, அது வந்த நாட்டு அமைப்புல போன வாரம் பதிவு பண்ணிட்டேன்.

அக்டோபர் 29, இரவு 9:05

கேள்வி கேட்டவர் இன்னிக்கு தகவல் போட்டிருக்கார்: பேங்க் முழுத் தொகையையும் தற்காலிகமா திருப்பி வரவு வெச்சிருக்கு, அந்தக் கம்பெனி பதில் சொல்ல இன்னும் கெடு இருக்கு. 'எந்தத் தேதியும் மாறல'ங்கற அந்தப் படத்தைத்தான் பேங்க்ல திரும்பத் திரும்பக் கேட்டாங்களாம். கமிட்டில யாரும் ஒரு வார்த்தை சொல்லலன்னும் எழுதியிருக்கார்.

தற்காலிக வரவைச் செலவு பண்ணிடாதீங்க, கம்பெனி எதிர்த்தா திரும்ப எடுப்பாங்க. அப்படி எடுத்தா வந்து சொல்லுங்க, அடுத்து பேங்க் குறைதீர்ப்பாளருக்கு எழுதற கடிதத்தை சேந்து எழுதலாம்.